நாற்காலியும் கையெழுத்தும்: மதுரைச் சமவெளியில் ஊராட்சி கற்பித்த பாடம்

ஒரு நாட்டின் ஆட்சியமைப்பைக் கற்கப் புகுவோர் பெரும்பாலும் நாடாளுமன்றத்திலிருந்தே தொடங்குகின்றனர். குடியரசுத் தலைவர், பிரதமர், இரு அவைகள், உச்ச நீதிமன்றம் என மேலிருந்து கீழே இறங்கி, நேரமிருந்தால் இறுதியில் ஊராட்சியைத் தொடுவர். நம் இறையியல் மாணவர்களும் பள்ளிப் பருவத்தில் குடிமையியலை இவ்வாறே பயின்று வந்துள்ளனர். ஆயின் ஆயர் ஊழியத்திற்குச் செல்லும் ஒருவர் முதன்முதல் எதிர்கொள்ளும் அரசு தில்லியிலோ சென்னையிலோ இருப்பதன்று. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, வீட்டு வரி, கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும் பாதை ஆகியவற்றின் வடிவில் அது அவருடைய சேகரத்துக் கிராமத்திலேயே இருக்கிறது. ஆகவே இக்கட்டுரையில் நாம் கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்க முயல்வோம்.

நாம் வாழும் திருநகர் இத்தகைய நோக்கிற்கு ஏற்ற இடமாகும். இது 2011 வரை தனிப் பேரூராட்சியாக விளங்கியது. அவ்வாண்டில் அயலிலுள்ள ஹார்விபட்டிப் பேரூராட்சி, திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர் நகராட்சிகள், மேலும் பல ஊராட்சிகள் ஆகியவற்றோடு சேர்த்து மதுரை மாநகராட்சியில் இணைக்கப்பட்டது. 1866-இல் நகராட்சியாகித் 1971-இல் மாநகராட்சியாக உயர்ந்த மதுரை, இவ்விணைப்பினால் 72 வட்டங்களிலிருந்து 100 வட்டங்களாக விரிந்தது. நகர் விரிந்தாலும், அதைச் சூழ்ந்த சமவெளியில் 13 ஊராட்சி ஒன்றியங்களும் அவற்றுள் அடங்கிய 420 கிராம ஊராட்சிகளும் மதுரை மாவட்டத்திற்கு உண்டு. இவ்வூராட்சிகளுள் சில, கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தியா முழுவதற்கும் ஒரு பாடத்தைக் கற்பித்தன. ஒரு நிறுவனம் சட்டத்தில் பிறப்பது வேறு, மண்ணில் வாழ்வது வேறு என்பதே அப்பாடம்.

1. குடவோலையிலிருந்து நாற்பதாம் உறுப்பு வரை

தமிழகத்தில் ஊராட்சியைப் பற்றிப் பேசுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகள், முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியாக வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகக் கூறுகின்றன. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் இடம்பெற இயலாது என்னும் விதியும் அவற்றில் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இத்தகைய ஒழுங்கு இருந்தது என்பது போற்றத்தக்கதே.

ஆயினும் வரலாற்று மாணவர் மற்றொரு பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். வாரியத்திற்குத் தகுதி பெறுவோர் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவராயிருத்தல் வேண்டும். வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டதாயிருத்தல் வேண்டும். அந்நிலத்தில் உழைத்தவர் பெயர் குடத்தில் இடப்படவில்லை. பெண்டிர் பெயரும் இடப்படவில்லை. ஆகவே அச்சபை நிலவுடைமையாளர் சிலரின் ஒழுங்கான ஆட்சியே தவிர, ஊராரனைவரின் ஆட்சியன்று. இவ்வேறுபாட்டை மறந்துவிட்டுப் பழைமையைப் புகழ்ந்தால், பின்னர் நிகழ்ந்தவற்றை நாம் விளங்கிக்கொள்ள இயலாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ரிப்பன் பிரபு 1882-இல் உள்ளாட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து 1884-இல் சென்னை மாகாணத்தில் உள்ளாட்சி மன்றச் சட்டம் வந்தது. 1920-இல் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் அரசியல் நிர்ணய சபையில் இக்கேள்வி கூர்மையடைந்தது. அரசியலமைப்பின் வரைவில் கிராமப் பஞ்சாயத்திற்கு இடமில்லை என்று காந்திய நோக்குடையோர் வருந்தினர். 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், இந்தியக் கிராமத்தைப் புகழ மறுத்தார். கிராமம் குறுகிய நோக்கிற்கும் அறியாமைக்கும் சாதி உணர்வுக்கும் உறைவிடம் என்பதும், தனி மனிதனே அரசியலமைப்பின் அலகாக இருத்தல் வேண்டும் என்பதும் அவர் கருத்து. அதே மாதம் 22-ஆம் நாள், தமிழரான கே. சந்தானம் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். அதுவே கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்து அவற்றிற்கு அதிகாரம் வழங்குமாறு அரசுக்கு வழிகாட்டும் நாற்பதாம் உறுப்பாயிற்று. அம்பேத்கரும் அதை ஏற்றுக்கொண்டார்.

இவ்விருவர் நிலையும் முரண்பட்டவை என்று கொள்வது வழக்கம். நம் கருத்தில், இரண்டும் சேர்ந்தே முழு உண்மையாகின்றன. மக்களுக்கு அருகில் அதிகாரம் இருத்தல் நன்று. ஆனால் அருகிலுள்ள அதிகாரமே ஏழையின் கழுத்தை மிக எளிதில் நெரிக்கவும் கூடும்.

2. சட்டம் வகுத்த அமைப்பு

நாற்பதாம் உறுப்பு வழிகாட்டும் நெறியே; கட்டளையன்று. ஆதலால் ஊராட்சித் தேர்தல் மாநில அரசின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது. காமராசர் ஆட்சியில் 1958-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டம் தமிழகமெங்கும் ஊராட்சி ஒன்றியங்களை ஏற்படுத்தியது. எனினும் 1970-க்குப் பின் 1986 வரை தேர்தல் நிகழவில்லை. 1991-க்குப் பின் 1996 வரையும் நிகழவில்லை. இடைப்பட்ட காலங்களில் அலுவலரே ஊராட்சியை நடத்தினர்.

இக்குறையை நீக்கவே எழுபத்து மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கிணங்கத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. அதன் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுவோம். ஊராட்சி மூன்று அடுக்குடையது: கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி. கிராம ஊராட்சித் தலைவரை வாக்காளர் நேரடியாகத் தேர்ந்தெடுப்பர். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர் தம்முள் தேர்ந்தெடுப்பர். மன்றத்தின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு. அது முடியுமுன் அடுத்த தேர்தல் நிறைவுறுதல் வேண்டும். தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். நிதிப் பகிர்வைப் பரிந்துரைப்பது மாநில நிதிக்குழு. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்னும் பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் உள்ளது.

இவ்வமைப்பில் புதுமையானது இடஒதுக்கீடு. உறுப்பினர் இடங்களில் மட்டுமன்றி, தலைவர் பதவிகளிலும் மக்கள்தொகை விகிதப்படி அட்டவணைச் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் ஒதுக்கீடு செய்யுமாறு அரசியலமைப்பே கட்டளையிட்டது. மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கு வழங்கப்பட்டது; தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. உத்தரமேரூர்க் குடத்தில் எவர் பெயர் இடப்படவில்லையோ, அவர் பெயரே இப்போது தலைவர் நாற்காலிக்கு உரியதாயிற்று.

ஒரு சிறு விதியையும் ஈண்டு நோக்குதல் தகும். ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் இணைந்து கையெழுத்திடுதல் வேண்டும். பொதுப் பணத்தைக் காக்கும் நல்ல விதி இது. ஆனால் தலைவர் ஒடுக்கப்பட்ட சாதியினராகவும் துணைத் தலைவர் ஆதிக்கச் சாதியினராகவும் அமையுமிடத்தில், ஒருவர் கையெழுத்திட மறுத்தால் தெருவிளக்கும் எரியாது, துப்புரவுப் பணியாளர்க்கு ஊதியமும் சேராது. சட்டம் தந்த நாற்காலியை ஒரு கையெழுத்து வெறும் மரமாக்கிவிடக்கூடும்.

3. மேலவளவு

புதிய சட்டத்தின்கீழ் முதல் தேர்தல் 1996 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வட்டாரத்திலுள்ள மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி அட்டவணைச் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கண்மாய் மீன்பாசிக் குத்தகை, பொது மரங்களின் மகசூல் குத்தகை ஆகியவற்றை ஏலமிடும் அதிகாரம், மரபாக ஊரில் தலைமை வகித்தோர் கையிலிருந்து சேரி மக்களில் ஒருவரிடம் செல்வதை ஆதிக்கச் சாதியினர் பலர் ஏற்கவில்லை. தலித் மக்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன. மனுச் செய்தவர் அஞ்சி விலகினர், தேர்தல் நின்றது. டிசம்பர் இறுதியில் மறுபடியும் நடைபெற்ற வாக்குப்பதிவு வன்முறையால் குலைந்தது. மூன்றாம் முறை, 1996 டிசம்பர் 31 அன்று, காவல்துறைப் பாதுகாப்புடன் வாக்குப்பதிவு முடிந்தது. முருகேசன் தலைவரானார்.

ஆறு மாதங்களே சென்றன. 1997 ஜூன் 30 அன்று மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்குச் சென்று பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்த முருகேசனும், துணைத் தலைவர் மூக்கனும், உடன் வந்த நால்வரும் மேலவளவு அருகே வழிமறித்துப் படுகொலை செய்யப்பட்டனர். எரிந்த வீடுகளுக்கு இழப்பீடு கேட்பதே அவர்கள் பயணத்தின் நோக்கம். சேலம் நீதிமன்றம் 2001-இல் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2006-இலும், உச்ச நீதிமன்றம் 2009-இலும் அதை உறுதி செய்தன. அவர்களுள் மூவர் 2008-இலும், பதின்மூவர் 2019 நவம்பரிலும் அரசால் முன்கூட்டி விடுதலை செய்யப்பட்டனர். கொல்லப்பட்டோரின் நினைவிடம் விடுதலைக் களம் என்னும் பெயரோடு மேலவளவில் நிற்கிறது.

இந்நிகழ்ச்சியில் அரசின் உறுப்புகள் எவையும் முற்றிலும் செயலற்றிருக்கவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். தேர்தல் ஆணையம் மும்முறை முயன்றது. காவல்துறை வாக்குச்சாவடியைக் காத்தது. நீதிமன்றங்கள் தண்டித்தன. ஆயினும் ஒரு தலைவர் ஐந்து ஆண்டு உயிரோடிருந்து பணியாற்றுவதற்கான பாதுகாப்பை எவரும் தரவில்லை. அரசு தேர்தல் நாளைக் காத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவரின் நாள்களைக் காக்கத் தவறியது.

4. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம்

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்தில் வேறொரு வகை எதிர்ப்பு நிகழ்ந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளிலும், அண்டையிலுள்ள விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலிலும், 1996 முதல் பத்தாண்டுகள் ஊராட்சித் தலைவர் எவரும் நிலைத்து அமரவில்லை. ஒதுக்கப்பட்ட பதவிக்கு எவரும் மனுச் செய்யாதபடி ஊர்க்கட்டுப்பாடு தடுத்தது. சில வேளைகளில் ஆதிக்கச் சாதியினர் தமக்கு இணங்கிய ஒருவரை நிறுத்தி வெற்றிபெறச் செய்தனர். அவர் பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் கொடுத்தார். தேர்தல் அறிவிப்பும் விலகலும் பலமுறை மாறி மாறி வந்தன. சட்டத்தின் எழுத்து மீறப்படவில்லை. அதன் பொருள் மட்டும் வெளியேற்றப்பட்டது.

இவ்வட்டாரத்தில் பெரும்பான்மையினர் பிரமலைக் கள்ளர் சமூகத்தார். அவர்களை எளிதாகக் குற்றஞ்சாட்டுமுன் அவர்களுடைய வரலாற்றையும் நினைத்தல் நியாயம். ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை அச்சமூகத்தின்மேல் சுமத்தி, ஆடவரைக் கைரேகைப் பதிவுக்கும் இரவுக் காவலுக்கும் உட்படுத்தியது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். விடுதலை பெற்ற ஆண்டாகிய 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது. பிறப்பினாலேயே ஒரு மனிதனை இழிந்தவன் என முத்திரையிடும் கொடுமையை அனுபவித்த சமூகமே, தன் ஊரில் மற்றொருவரைப் பிறப்பின் பெயரால் நாற்காலியிலிருந்து விலக்கியது. துன்பம் தானாகவே மனிதரை நீதிமான்களாக்குவதில்லை என்பதை இதனால் அறிகிறோம். எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவில் வைத்து அந்நியனை ஒடுக்காதிருக்குமாறு இஸ்ரவேலருக்கு நியாயப்பிரமாணம் மீண்டும் மீண்டும் கட்டளையிட்டதன் காரணமும் இதுவே எனலாம்.

2006 அக்டோபரில் இந்நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் முறையாக நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர். 1996-க்கும் 2006-க்கும் இடையில் அரசியலமைப்பு மாறவில்லை. ஊராட்சிச் சட்டத்தின் ஒதுக்கீட்டு விதியும் நீங்கவில்லை. மாறியது நடைமுறை. அன்று மதுரை மாவட்ட ஆட்சியராயிருந்த த. உதயச்சந்திரன் ஊர்ப் பெரியவர்களோடு திரும்பத் திரும்பப் பேசினார். தலித் இயக்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் பல ஆண்டுகளாக இக்கேள்வியை அணையவிடாமல் காத்து வந்தன. முதலமைச்சர் மு. கருணாநிதியின் அரசு, தேர்தல் நடந்தே தீரும் என்னும் உறுதியை வெளிப்படையாகக் காட்டியது; நவம்பரில் சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து நான்கு தலைவர்களையும் சிறப்பித்தது. 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டியில் கூடிய கிராம சபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார்.

எனினும் விழாவோடு கதை முடிந்துவிட்டதென எண்ணலாகாது. 2020 ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் ஒருவர் விடுதலை நாளன்று கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்டார். சில நாள் கழித்து மாவட்ட நிர்வாகத்தின் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். அதே ஆண்டு அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் மன்றக் கூட்டத்தின்போது தலைவரான பெண்மணி தரையில் அமர்த்தப்பட்டிருந்த நிழற்படம் வெளியாகி நாட்டை நாணச் செய்தது. நாற்காலி என்பது இங்கே உவமையன்று. உண்மையான நாற்காலியே மறுக்கப்பட்டது.

5. அரசே காலியாக்கிய நாற்காலிகள்

பத்தாண்டு நாற்காலியைக் காலியாக வைத்த கிராமங்களை நாம் கண்டிக்கிறோம். அதே அளவுகோலை அரசின்மேலும் வைத்தல் முறையாகும். தமிழகத்தின் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. இடஒதுக்கீட்டு அறிவிக்கையில் இருந்த குறையினால் உயர் நீதிமன்றம் தேர்தலை நிறுத்தியது. பின்னர் வார்டு மறுவரையறை காரணமாகக் காலம் நீண்டது. கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. அப்போதும் ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டு 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. மதுரை உள்ளிட்ட நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரை மன்றமே இல்லை. திருநகர் மக்கள் தம் பேரூராட்சியை இழந்து மாநகராட்சியில் சேர்ந்த பத்தாண்டுகளுள் பாதிக் காலம், முறையிடுவதற்கு ஒரு மாமன்ற உறுப்பினர்கூட இல்லாதிருந்தனர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமையால் மத்திய நிதிக்குழுவின் மானியமும் தடைபட்டது.

உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்துவது கட்டாயக் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2006-இலேயே தீர்ப்பளித்திருந்தது. ஆயினும் 2019-இல் தேர்தல் கண்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும், புதிய மன்றங்கள் அமையவில்லை. தனி அலுவலரே பொறுப்பேற்றனர். சாதி காலியாக்கிய நாற்காலிக்கும் காலதாமதம் காலியாக்கிய நாற்காலிக்கும் நோக்கத்தில் வேறுபாடு உண்டு. ஏழைக்கு விளையும் பயனில் வேறுபாடு சிறிதே. செல்வாக்குள்ளவர் தனி அலுவலரின் அறைக்குள் எளிதாக நுழைவர். வாக்கு ஒன்றையே ஆயுதமாகக் கொண்டவர் வெளியே நிற்பார்.

6. திருச்சபை சிந்திக்க வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து குருமாரும் மாணவரும் கொள்ளத்தக்கவை யாவை?

முதலாவது, கிராம சபையை நாம் அறிந்திருத்தல் வேண்டும். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் அது கூடவேண்டும் என்பது தமிழ்நாட்டில் வகுக்கப்பட்ட ஏற்பாடு. வரவு செலவுக் கணக்கு அங்கே படிக்கப்படல் வேண்டும். நம் சபையார் அங்கே செல்கின்றனரா? கூட்டம் நடவாமலே தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துச் சேர்க்கப்படும்போது, நம் சபையின் மூப்பரும் அதில் கையெழுத்திடுகின்றனரா? இதைக் கேட்டறிவது அரசியலில் தலையிடுவதாகாது. ஆயர் பணியின் ஒரு கூறேயாகும்.

இரண்டாவது, நம் வீட்டையும் நாம் நோக்குதல் வேண்டும். சேகரக் குழு முதல் திருமண்டலப் பேரவை வரை, வாக்கினால் அமையும் மன்றங்கள் திருச்சபையிலும் உள்ளன. அவற்றின் தேர்தல்களில் சாதிக் கணக்கு பேசப்படுவதை அறியாதார் இல்லை. சாதிவாரியாகப் பிரிந்த கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் இன்னும் உண்டு. பாப்பாபட்டிக்கு அறிவுரை கூறுமுன், நம் சபைகளில் பொருளாளர் பொறுப்பும் காசோலைக் கையெழுத்தும் எவரிடம் நிலைத்திருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்போமாக.

மூன்றாவது, அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் நமக்கு ஒரு முன்மாதிரியைத் தருகிறது. அன்றாடப் பந்தி விசாரிப்பில் கிரேக்கம் பேசிய விதவைகள் புறக்கணிக்கப்பட்டனர் என்னும் முறையீடு எழுந்தது. அப்போஸ்தலர் அம்முறையீட்டை அடக்கவில்லை. தாமே பகிர்ந்தளிப்பதாகவும் கூறவில்லை. சபையாரையே எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு முதல் அந்தியோகியா பட்டணத்தானாகிய நிக்கொலா வரை எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்களே. ஆதலால் அவர்கள் முறையிட்ட பிரிவினரையே சேர்ந்தவர்கள் என வேத அறிஞர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், ஆதித் திருச்சபை புறக்கணிக்கப்பட்டோருக்கு உதவி அளித்ததோடு நில்லாமல், உதவியைப் பகிரும் பொறுப்பையே அவர்கள் கையில் ஒப்படைத்தது. நம் காலத்து மொழியில் கூறினால், காசோலைக் கையெழுத்தை அவர்களுக்குக் கொடுத்தது.

ஒரு குடியரசு எவ்வாறு இயங்குகிறது என்று வினவுவோர்க்கு அரசியலமைப்பின் உறுப்புகளை வரிசையாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவ்வுறுப்புகள் உயிரோடிருக்கின்றனவா என்பதை அறிய, ஊராட்சி அலுவலகத்திற்குள் சென்று, நாற்காலியில் அமர்ந்திருப்பவர் யார், கணக்கேட்டில் உண்மையாகக் கையெழுத்திடுபவர் யார் என்று பார்த்தல் வேண்டும். மேலவளவில் ஆறு பேர் உயிர்நீத்தது இக்கேள்விக்காகவே. இக்கேள்வியைத் தம் சேகரங்களில் தொடர்ந்து கேட்கும் ஆயர்களை நம் இறையியல் கல்லூரிகள் உருவாக்குமாயின், அது இந்நாட்டின் குடியாட்சிக்குத் திருச்சபை செய்யும் சிறந்த தொண்டாக அமையும்.